ஊன்சாற்றில் ஒளிந்திருந்த பொருள்

நோயிலிருந்து எழுந்தவனுக்கு ஆட்டுக்கால் சாறு கொடுப்பது நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குக் கோழிச்சாற்றுப் புட்டி வாங்கிக் கொடுப்பது இந்நாட்டில் பல இனத்தாரிடமும் காணப்படும் வழக்கம். இவற்றோடு அண்மைக் காலத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் இளைஞர்கள் வெண்மையான தூள் ஒன்றை நீரில் கலக்கிப் பருகுகின்றனர். பெரிய டப்பாக்களில் அடைத்து விற்கப்படும் அத்தூளின் பெயர் கிரியேட்டின் என்பது.

ஊன்சாறும் இத்தூளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் இவை ஒரே வரலாற்றின் இரு முனைகள். அவ்வரலாறு பாரிசு நகரத்தில் தொடங்கியது. தென்னமெரிக்காவின் மேய்ச்சல் நிலங்கள் வழியாகச் சென்றது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சென்னையில் மருத்துவம் பயின்ற ஒருவரின் கையில்தான் அதன் முடிச்சு அவிழ்ந்தது. அம்மனிதரைப் பற்றி நம்மவர் மிகையாகவும் சொல்லியிருக்கின்றனர். அவரை அறவே மறந்துமிருக்கின்றனர். இரண்டுமே நேர்மையன்று. ஆகவே இக்கதையை அடியிலிருந்து பார்ப்பது நலம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். கிரேக்க மொழியில் ‘கிரியாஸ்’ என்றால் ஊன், இறைச்சி என்று பொருள். அதிலிருந்து பிறந்ததே கிரியேட்டின். தமிழில் ‘ஊனியம்’ என்று ஒரு சொல்லைப் படைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆயினும் மருந்துக் கடைக்காரருக்கும் மருத்துவருக்கும் விளங்கும் பெயரையே இங்கே ஆளுவோம். இப்பொருள் வெளியிலிருந்து மட்டும் வருவதன்று. நம் சிறுநீரகமும் கல்லீரலும் புரதத்தின் கூறுகளான சில அமினோ அமிலங்களைக் கொண்டு இதனைத் தாமே செய்துகொள்கின்றன. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 120 கிராம் கிரியேட்டின் உண்டு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு எலும்போடு ஒட்டிய தசைகளில் இருக்கிறது. நாள்தோறும் சுமார் 2 கிராம் கிரியேட்டினின் என்னும் கழிவாக மாறிச் சிறுநீரோடு வெளியேறுகிறது. இவ்விழப்பில் ஒரு பாதியை உடல் தானே ஈடு செய்கிறது; மறுபாதியை இறைச்சியும் மீனும் தருகின்றன. மரக்கறி மட்டுமே உண்பவர் தசையில் இது சற்றுக் குறைவாகவே இருக்கும்.

பாரிசு நகரத்துச் சாற்றுக்கலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டில் ஒரு வழக்கு நடந்தது. நீதிமன்ற வழக்கன்று, அறிஞர்களின் வழக்கு. எலும்பைக் காய்ச்சி எடுக்கும் ஜெலட்டினை மருத்துவமனைகளிலும் அறச்சாலைகளிலும் ஏழைகளுக்கு உணவாக ஊற்றி வந்தனர். ‘அது வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது’ என்றனர் ஒரு சாரார். ‘இறைச்சிக்கு அது ஈடாகும்’ என்றனர் மற்றொரு சாரார். இறைச்சிச் சாற்றில் உண்மையில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டிய தேவை அப்போது எழுந்தது.

அவ்வாராய்ச்சியில் ஈடுபட்டவர் மிஷேல் யூஜின் ஷெவ்ரல். கொழுப்புகளின் அமைப்பை முதன்முதல் தெளிவாக்கிய இரசாயன மேதை அவர். கோபலின் என்னும் அரசுத் திரைச்சீலைத் தொழிற்சாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராகவும் இருந்தவர். நூறாண்டு கடந்து வாழ்ந்த பெரியவர். 1832-ஆம் ஆண்டில் இறைச்சிச் சாற்றிலிருந்து படிகமாகும் பொருள் ஒன்றை அவர் பிரித்தெடுத்தார். அதற்குக் கிரியேட்டின் என்று பெயரிட்டார். அதன் பயன் யாது என்பதை அவர் அறியார். அறிந்ததாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

மற்றவர்கள் தேடியபோது அது அகப்படவில்லை. சுவீடன் நாட்டின் புகழ்பெற்ற பெர்சீலியஸ் முயன்றும் கிடைக்காமற் போகவே, அது தற்செயலாக ஊனில் சேர்ந்த பொருளாக இருக்கலாம் என்று கருதினார். ஷ்லாஸ்பெர்கர் என்பவர் ஒரு முதலையின் தசையில் அதனைக் கண்டார். மாட்டிறைச்சியில் தேடிக் காணாத பொருள் முதலையில் கிடைத்தது வேடிக்கைதான். பதினைந்து ஆண்டுகள் இவ்வாறு ஐயத்திலேயே கழிந்தன.

லீபிக்கின் நரியும் லீபிக்கின் குப்பியும்

ஐயத்தைத் தீர்த்தவர் ஜெர்மானியப் பேரறிஞர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக். பல விலங்குகளின் தசைகளை ஆராய்ந்து, கிரியேட்டின் ஊனில் இயல்பாகவே அமைந்த பொருள்தான் என்று 1847-இல் நிறுவினார். அதோடு அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. வேட்டையில் ஓடிக் களைத்துக் கொல்லப்பட்ட நரிகளின் தசையில், கூண்டில் வளர்ந்த நரியின் தசையைக் காட்டிலும் பத்து மடங்கு கிரியேட்டின் இருந்ததாக அவர் எழுதினார். ஆகவே தசை உழைக்கும்போது இப்பொருள் திரள்கிறது என்பது அவர் முடிவு. உழைப்பினால் தசையில் கிரியேட்டின் பத்து மடங்காகப் பெருகுவதில்லை என்பதை நாம் இன்று அறிவோம். ஆனால் கிரியேட்டினுக்கும் உழைப்புக்கும் உறவு உண்டு என்ற அவருடைய ஊகம் பிழையன்று. தவறான அளவிலிருந்து சரியான திசையைச் சுட்டிய விந்தை அது.

லீபிக்கின் பெயர் சந்தைக்குள் நுழைந்த கதை இதைவிடச் சுவையானது. தென்னமெரிக்காவில் அக்காலத்தில் மாடுகளைத் தோலுக்காகவும் கொழுப்புக்காகவுமே கொன்றனர். குளிர்சாதனக் கப்பல்கள் இல்லாமையால் இறைச்சியில் பெரும் பகுதி வீணாயிற்று. கியேபெர்ட் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் இதைக் கண்டு, லீபிக் எழுதிவைத்த முறைப்படி அவ்விறைச்சியைக் காய்ச்சிக் குழம்பாக்கி ஐரோப்பாவுக்கு அனுப்பலாம் என்று முன்வந்தார். உருகுவே நாட்டில் பிரே பெந்தோஸ் என்னும் ஆற்றங்கரை ஊரில் தொழிற்சாலை எழுந்தது. 1865-இல் இலண்டனில் ‘லீபிக் இறைச்சிச் சாற்றுக் கம்பெனி’ பதிவாயிற்று. ஒரு கிலோ சாற்றுக்குச் சுமார் 30 கிலோ இறைச்சி தேவைப்பட்டது. இன்று அத்தொழிற்சாலை ஓய்ந்துவிட்டது. 2015-இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

முப்பது பங்கு இறைச்சியின் சத்து ஒரு பங்குக் குழம்பில் அடங்கியிருக்கிறது என்று மக்கள் நம்பினர். நம்பாமல் என்ன செய்வர்? குப்பியின் மேல் லீபிக்கின் பெயரல்லவா இருந்தது! ஆனால் சாற்றைக் காய்ச்சும்போதே கொழுப்பும் புரதத்தின் பெரும் பகுதியும் நீக்கப்பட்டு விடுகின்றன. எஞ்சுவன உப்புகளும் கிரியேட்டின் முதலிய சில பொருள்களும் சுவையுமே. அச்சாற்றை மட்டும் ஊட்டி வளர்க்கப்பட்ட நாய்கள் பிழைக்கவில்லை என்று ஆய்வாளர் காட்டினர். கண்டனம் வலுக்கவே, ‘இது உணவுக்கு மாற்றன்று, தேநீர், காப்பி போல் ஊக்கம் தருவது’ என்ற அளவுக்கு லீபிக் இறங்கி வந்தார். ஆட்டுக்கால் சாற்றை நாம் அருந்தும்போதும் இந்த வேறுபாட்டை நினைவில் வைப்பது தகும். சாறு பசியைத் தூண்டும்; உடலுக்கு இதமாயிருக்கும்; உண்ணாத ஊனுக்கு அது ஈடாகாது.

கிரியேட்டினுக்கு உடலில் என்ன வேலை என்பது அப்போதும் எவருக்கும் தெரியாது. தெரியாத பொருளைச் சத்து என்று விற்பதற்கு மட்டும் தடையேதும் இருக்கவில்லை.

நோபல் பரிசு பெற்ற விடை

தசை எவ்வாறு சுருங்குகிறது, அதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது உடலியலாரின் பெருங்கேள்வி. 1907-இல் பிளெச்சர், ஹாப்கின்ஸ் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள், களைத்த தவளைத் தசையில் லாக்டிக் அமிலம் சேர்வதையும் உயிர்வளி கொடுத்தால் அது மறைவதையும் ஐயத்துக்கிடமின்றிக் காட்டினர். தயிருக்குப் புளிப்பைத் தரும் அமிலந்தான் இது. இங்கிலாந்தில் ஏ. வி. ஹில் தசை வெளியிடும் வெப்பத்தை நுட்பமாக அளந்தார். ஜெர்மனியில் ஓட்டோ மையர்ஹாஃப், தசையிலுள்ள மாவுப் பொருள் லாக்டிக் அமிலமாக மாறும் கணக்கை ஆராய்ந்தார். லாக்டிக் அமிலம் பிறப்பதே தசையைச் சுருங்கச் செய்கிறது என்ற கொள்கை நிலைபெற்றது. 1922-ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. பாடநூல்கள் அவ்வாறே எழுதப்பட்டன. மாணவர் அவ்வாறே படித்தனர்.

இக்கொள்கைக்குள் கிரியேட்டினுக்கு இடமே இல்லை. தசையில் அது ஏராளமாக இருக்கிறது, எதற்கென்று தெரியவில்லை, கழிவுப் பொருளாக இருக்கலாம் என்று கருதி ஒதுக்கிவிட்டனர்.

இந்நிலையில்தான் 1923 அக்டோபரில் எல்லாப்பிரகட சுப்பாராவ் பாஸ்டன் நகரில் வந்து இறங்கினார்.

சென்னையிலிருந்து வந்தவர்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் பிறந்தவர், தெலுங்கர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். மாநிலக் கல்லூரியில் படித்தார். இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாக விரும்பினார், தாயார் இசையவில்லை. பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அது காந்தியடிகளின் இயக்கம் பரவிய காலம். அறுவை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். படிப்பில் திறமை காட்டியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கான கதவு அடைபட்டது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூற்று ஆசிரியராக அமர்ந்தார்.

அவருடைய உடன்பிறந்தார் இருவர் ஸ்புரூ என்னும் குடல் நோயால் அடுத்தடுத்து மாண்டனர். நோய்களின் வேரைக் காண வேண்டும் என்ற வெறி அவருக்குள் மூண்டது இந்தத் துயரத்திலிருந்துதான் என்பர். மாமனார் உதவியோடும், காக்கிநாடாவைச் சேர்ந்த அறநிலையம் ஒன்றின் உதவியோடும் கப்பலேறினார். அப்போது மனைவி கருவுற்றிருந்தார். பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். தந்தை அவனைக் கண்டதில்லை. சுப்பாராவ் பிறகு தாயகம் திரும்பவேயில்லை. அறிவியல் வரலாறு எழுதுவோர் இவ்வம்மையாரை ஒரு வரியில் கடந்து விடுகின்றனர். கணவரின் பெயர் ஆராய்ச்சி ஏடுகளில் ஏறிய ஆண்டுகளெல்லாம் அவர் காத்திருந்த ஆண்டுகள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஹார்வர்டு வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பயின்றபோது, வயிற்றுப்பாட்டுக்காக மருத்துவமனையில் இரவு ஊழியராக வேலை செய்தார். பிறகு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் உயிர்இரசாயனத் துறையில் இடம் கிடைத்தது. அத்துறையின் தலைவர் ஓட்டோ ஃபோலின், இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பொருள்களை நிறத்தைக் கொண்டு அளக்கும் கலையை வளர்த்தவர். சுப்பாராவ், சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு பணியாற்றினார்.

நீலம் ஏன் தாமதித்தது?

இருவரும் 1925-இல் ஒரு முறையை வெளியிட்டனர். உடல்நீர்களில் உள்ள பாஸ்பேட்டு உப்பை அளக்கும் முறை அது. ஆய்வுக்குரிய நீரில் அமிலமும் மாலிப்டேட்டும் சேர்த்து, பிறகு வேறொரு மருந்தை விட்டால் நீல நிறம் தோன்றும். பாஸ்பேட்டு எவ்வளவு மிகுதியோ நீலமும் அவ்வளவு ஆழ்ந்திருக்கும். எளிமை, விரைவு, துல்லியம் மூன்றும் ஒருங்கே அமைந்ததால், ‘ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை’ உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்குப் பரவியது. உயிர்இரசாயன ஏடுகளில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட கட்டுரைகளுள் அதுவும் ஒன்று.

இம்முறையைத் தசைச்சாற்றில் ஆண்டு பார்த்தபோதுதான் புதுமை நேர்ந்தது. வேறு நீர்களில் சில நிமிடங்களிலேயே முழுமை பெறும் நீலம், தசைச்சாற்றில் அவ்வாறு முழுமை பெறவில்லை. மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போயிற்று. அவசரக்காரர் வேண்டிய நேரம் காத்திருந்து இறுதி நிறத்தைக் குறித்துக்கொண்டு போயிருப்பார். முறையில் ஏதோ கோளாறு என்று ஒதுக்கியவரும் இருந்திருப்பர். இவர்களோ, தாமதத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டனர்.

காரணம் இதுவே. தசையில் இருப்பதாக அதுவரை குறிக்கப்பட்ட பாஸ்பேட்டு முழுவதும் உண்மையில் தனித்திருக்கும் பாஸ்பேட்டு அன்று. அதில் பெரும்பகுதி வேறொரு பொருளோடு பிணைந்திருக்கிறது. அப்பிணைப்பு மிக மென்மையானது. அமிலம் பட்டவுடன் அவிழத் தொடங்கிவிடும். அவிழ அவிழ நீலமும் கூடுகிறது. முன்னோர் கையாண்ட முறைகள் நெடுநேரம் பிடித்தவை. ஆகவே அளப்பதற்கு முன்பே அப்பொருள் முழுவதும் சிதைந்துவிட்டது. கையைக் கொண்டு தடவிக் கோலத்தை அழித்துவிட்டு, ‘இங்கே வெறும் மாவுதான் இருக்கிறது’ என்று சொல்வது போன்றதே அது.

பிணைந்திருந்த அந்த மற்றொரு பொருள் எது? பாஸ்பேட்டு எவ்வளவு விடுபடுகிறதோ, அதற்கு இணையாகக் கிரியேட்டினும் விடுபட்டது! தொண்ணூற்றைந்து ஆண்டுகளாக வேலையற்றதாகக் கருதப்பட்ட பொருளுக்கு அன்று வேலை கிடைத்தது. தசையைத் தூண்டி உழைக்கச் செய்தால் இக்கூட்டுப் பொருள் குறைகிறது; ஓய்வு கொடுத்தால் மீண்டும் கூடுகிறது. 1927-ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் இச்செய்தி வந்தது. பாஸ்போகிரியேட்டின் என்பது அதன் பெயர். 1929-இல் அதனைத் தனியே பிரித்தெடுத்த விரிவான கட்டுரையும் வெளிவந்தது.

இங்கே நடுநிலை வேண்டும். அதே காலத்தில் இலண்டனில் ஹில்லின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிலிப் எகிள்டன், கிரேஸ் எகிள்டன் என்னும் கணவன் மனைவியர் தவளைத் தசையில் எளிதிற் சிதையும் பாஸ்பேட்டுப் பொருள் ஒன்றைக் கண்டு, அதற்கு ‘பாஸ்பஜன்’ என்று பெயரிட்டிருந்தனர். அவர்களுடைய கட்டுரை 1927-இன் தொடக்கத்திலேயே வெளிவந்துவிட்டது. பொருளைக் கண்டதில் அவர்களுக்கும் பங்குண்டு. ஆயினும் அதில் ஒளிந்திருப்பது கிரியேட்டின் என்று இனங்கண்டவர்கள் பாஸ்டனில் இருந்த இருவருமே.

கொள்கை சரிந்தது

பாஸ்போகிரியேட்டின் கிடைத்ததும் லாக்டிக் அமிலக் கொள்கை உடனே வீழ்ந்துவிடவில்லை. வீழ்த்தியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஐனார் லுண்ட்ஸ்கார்டு. அயோடோ அசிட்டிக் அமிலம் ஊட்டப்பட்ட விலங்குகளின் தசைகள் விறைத்துப் போவதை அவர் கவனித்தார். அத்தசைகளைச் சோதித்தபோது லாக்டிக் அமிலம் உண்டாகவேயில்லை. ஆயினும் விறைத்துப் போவதற்கு முன் அவை பலமுறை சுருங்கியிருந்தன! லாக்டிக் அமிலம் இல்லாமல் தசை சுருங்க முடியுமென்றால் நோபல் பரிசு பெற்ற விடை என்னாவது? அவ்வாறு சுருங்கிய தசையில் குறைந்தது பாஸ்போகிரியேட்டின். அது தீர்ந்ததும் தசை விறைத்தது. 1930-இல் இதனை அவர் வெளியிட்டார்.

ஹில் செய்தது போற்றத்தக்கது. 1932-இல் ‘தசை உடலியலில் புரட்சி’ என்னும் பொருள்பட ஒரு கட்டுரைக்குத் தலைப்பிட்டு, தமக்குப் பரிசு பெற்றுத் தந்த கொள்கையின் வீழ்ச்சியைத் தாமே எழுதினார். மையர்ஹாஃபும் புதிய உண்மையை ஏற்று அதன்மேல் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். யூதராகப் பிறந்த குற்றத்துக்காக அவர் 1938-இல் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது வேறு கதை.

அவருடைய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கார்ல் லோமன் 1929-இல் தசையில் மற்றொரு பாஸ்பேட்டுப் பொருளைக் கண்டார். அதுவே அடினோசின் டிரைபாஸ்பேட்டு, சுருக்கமாக ஏ.டி.பி. என்பர். உயிரணு எதுவாயினும் உடனடியாகச் செலவிடும் ஆற்றல் நாணயம் இதுவே. ஃபிஸ்கும் சுப்பாராவும் அதே பொருளைத் தனியே கண்டிருந்தனர். லோமனின் அறிவிப்பு ஆகஸ்டிலும் இவர்களுடையது அக்டோபரிலும் அச்சேறின. ஏ.டி.பி.யைக் கண்டவர் சுப்பாராவ் ஒருவரே என்று நம் பக்கத்து ஏடுகள் சில எழுதுகின்றன. லோமன் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தும் மேனாட்டு நூல்களும் உள்ளன. இரண்டையும் தவிர்த்து, மூவரும் தனித்தனி இடங்களில் கண்டது என்று சொல்வதே முறை.

ஏ.டி.பி.க்கும் கிரியேட்டினுக்கும் உள்ள உறவை 1934-இல் லோமன் விளக்கினார். அதனை நம் வீட்டு வழக்கில் சொல்லலாம். ஏ.டி.பி. கையிலுள்ள காசு, பாஸ்போகிரியேட்டின் மடியில் முடிந்துள்ள காசு, தசையிலுள்ள மாவுப் பொருள் வீட்டுப் பெட்டியிலுள்ள பணம். கைக்காசு முழுமூச்சான உழைப்பில் இரண்டு மூன்று வினாடிகளுக்கே போதும். அது குறையக் குறைய மடியிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளலாம். அவ்வாறு ஏறத்தாழப் பத்து வினாடிகள் ஓடும். அதற்கு மேல் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும்; திறக்கச் சற்று நேரம் ஆகும். நூறு மீட்டர் ஓடுபவன் மடிக்காசில் ஓடுகிறான். நெடுந்தொலைவு ஓடுபவன் பெட்டிப் பணத்தில் ஓடுகிறான்.

ஒரே ஒரு சுருக்கத்தில் செலவாவது ஏ.டி.பி.தான் என்பதை நேராகக் காட்ட 1962 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மடியிலிருந்து கைக்குக் காசு மாறும் வழியை ஒரு நஞ்சினால் அடைத்துவிட்டுப் பார்த்தபோதே, கைக்காசு குறைவது கண்ணுக்குப் புலனாயிற்று. அதைச் செய்தவர்கள் கெய்ன், டேவீஸ் என்னும் இருவர்.

சுப்பாராவுக்கு 1930-இல் ஹார்வர்டு டாக்டர் பட்டம் அளித்தது. நிலையான பேராசிரியர் பதவியை அளிக்கவில்லை. 1940-இல் அவர் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே அவர் தலைமையில் ஃபோலிக் அமிலம் செயற்கையாக ஆக்கப்பட்டது. அதுவோ அவர் உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கு மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கான மருந்தும் அங்கிருந்தே வந்தது. 1948 ஆகஸ்டில், ஐம்பத்து மூன்றாம் வயதில் அவர் காலமானார். இந்திய அரசு 1995-இல் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

தூளாகத் திரும்பி வந்தது

கிரியேட்டினை வாயால் உண்டால் அது தசைக்குச் சேருமா? இக்கேள்வியை ஃபோலினே 1912-ஆம் ஆண்டளவில் கேட்டிருந்தார். அவரும் டெனிஸ் என்னும் அம்மையாரும் பூனைகளுக்கு ஊட்டிப் பார்த்து, ஒரு பங்கு தசையில் தங்குவதைக் கண்டனர். 1926-இல் சானுட்டின் என்பவர் மனிதரிடமும் அதையே கண்டார். ஆனால் மனிதத் தசையிலேயே அளந்து உறுதி செய்தது 1992-இல்தான். ராஜர் ஹாரிஸ், சுவீடன் அறிஞர்களோடு சேர்ந்து, ஒரு வேளைக்கு 5 கிராம் வீதம் நாளொன்றுக்குப் பலமுறை, சில நாள்கள் கொடுத்தார். தசையிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்குகளைச் சோதித்தபோது கிரியேட்டின் கூடியிருந்தது. முன்பே குறைவாக இருந்தவர்களுக்கு, மரக்கறி உண்போர் உட்பட, மிகுதியாகக் கூடிற்று. அதே ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஓடிய பிரிட்டிஷ் வீரர் சிலர் இதை உட்கொண்டதாகச் செய்தி பரவியது. அடுத்த ஆண்டிலேயே அமெரிக்கக் கடைகளில் டப்பாக்கள் வந்துவிட்டன.

கடையில் விற்கும் தூள் ஊனிலிருந்து எடுக்கப்படுவதன்று. சார்க்கோசின், சயனமைடு என்னும் இரு பொருள்களைச் சேர்த்துத் தொழிற்சாலையில் செய்கின்றனர். லீபிக்கின் மாணாக்கர் வழியில் வந்த ஃபோல்ஹார்டு 1868-இல் காட்டிய அதே வழிதான். ஆகவே மரக்கறியாளரும் தயங்கவேண்டியதில்லை. உறையிட்ட குளிகைகளாக வாங்கினால் மட்டும் உறை எதனாலானது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயன் உண்டா என்று கேட்டால், உண்டு, ஆனால் எல்லையுண்டு. பாரம் தூக்குதல், குறுந்தொலைவு ஓட்டம் முதலிய, விட்டுவிட்டுச் செய்யும் கடும் முயற்சிகளுக்கு அது துணை செய்கிறது. பயிற்சியோடு சேர்ந்தால் தசையின் வலுவும் சற்றுக் கூடுகிறது. தொடக்கத்தில் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறுவது பெரும்பாலும் தசையில் சேரும் நீரால். பயிற்சியின்றி உட்கார்ந்திருப்பவனுக்குத் தூள் தானாகத் தசை வளர்க்காது. நெடுந்தொலைவு ஓடுபவனுக்குப் பெரும்பயன் இல்லை. கூடிய எடையைச் சுமந்து ஓட நேர்வதே மிச்சம்.

இதைக் கடந்தும் நம்பிக்கைகள் வைக்கப்பட்டன. பார்க்கின்சன் நோயின் போக்கை இது தடுக்கும் என்று எதிர்பார்த்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,741 நோயாளிகளை வைத்து ஒரு பெருஞ்சோதனை நடத்தினர். நாளொன்றுக்கு 10 கிராம் என ஆண்டுக் கணக்கில் கொடுத்தும் பயன் தெரியாமையால் 2013-இல் அதை நிறுத்திவிட்டனர். மாறாக, யாரும் விளம்பரம் செய்யாத இடத்தில் இது உயிர்மருந்தாயிற்று. கிரியேட்டினைத் தாமே செய்துகொள்ள இயலாத பிறவிக் குறையுள்ள குழந்தைகள் அரியராக உள்ளனர். பேச்சு வராது, வலிப்பு வரும், தசை தளர்ந்திருக்கும். இக்குறை 1994-இல் ஜெர்மனியில் முதன்முதல் கண்டறியப்பட்டது. அக்குழந்தைகளுக்கு இதே வெண்தூளைக் கொடுத்தபோது நிலைமை தேறியது. மூளைக்குள் கிரியேட்டினைக் கொண்டு சேர்க்கும் வாயிலே பழுதான வேறொரு வகையினருக்கோ, எவ்வளவு கொடுத்தாலும் மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை.

தூளை உட்கொள்வோர் ஒன்றை மறக்கலாகாது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்பதை அறிய மருத்துவர் இரத்தத்தில் கிரியேட்டினினை அளக்கின்றனர். பிக்ரிக் அமிலம் சேர்த்தால் செம்மஞ்சள் நிறம் தோன்றும் என்று 1886-இல் யாஃபே கண்டார். 1904-இல் அதனை அளவு முறையாக்கியவர் சுப்பாராவின் துறைத்தலைவரான ஃபோலின்தான். தூள் குடிப்பவர் இரத்தத்தில் அக்கிரியேட்டினின் சற்றுக் கூடியிருக்கும். சிறுநீரகம் நலமாயிருந்தும் அது பழுதாகிவிட்டதுபோல் ஆய்வுத்தாள் காட்டக்கூடும். ஆகவே இரத்தம் கொடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு முன்பே உள்ளவர் அவரைக் கேளாமல் இத்தூளைத் தொடாதிருப்பதே நலம்.